முற்றம் காயும் வரை

தரைக்கல்லுக்குப் பூச்சு அடிக்க நல்ல வெயில் நாளே ஏற்றது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. கடும் வெயிலில் கல் சூடேறியிருக்கும். அடித்த பூச்சு, சீலர் என்போம், உள்ளே இறங்குவதற்குள் மேலேயே காய்ந்து, பிறகு தோலாக உரியும். மேகம் மெல்லியதாகப் படர்ந்திருக்க வேண்டும். காற்று அதிகம் இருக்கக் கூடாது. முந்தைய இரண்டு நாள்களில் மழை பெய்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட நாள் ஓராண்டில் நாற்பது தேறினால் அதிகம். என் தங்கை இறந்த புதன்கிழமை அப்படிப்பட்ட ஒரு நாள்.

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள், ஐயா. கதவிலிருந்து தொடங்கி வெளிவாயிலை நோக்கி ஏன் அடித்தீர்கள் என்பது முதல் கேள்வி. அவளுடைய கைப்பை ஏன் கொட்டகையில் இருந்தது என்பது இரண்டாவது. முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன் தொழில் தெரிந்த யாரையோ விசாரித்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. இரண்டுக்கும் விடை சொல்கிறேன். வரிசையாகச் சொல்ல விடுங்கள். அவசரப்படுத்தினால் எனக்குக் கோவை தப்பும்.

நான் கல் பதிப்பவன் அல்லன். பதித்தவர்கள் போன பிறகு, நான்கைந்து ஆண்டுகள் கழித்து வருபவன். அதற்குள் இடுக்குகளில் பாசி ஏறியிருக்கும். எறும்பு மணலை வெளியே தள்ளியிருக்கும். வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை ஊறியிருக்கும். அழுத்தத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, இடுக்குகளில் புது மணல் நிரப்பி, மேலே சீலர் அடித்துக் கொடுப்பேன். முப்பத்தோராண்டுகளாக இதுதான் என் வேலை.

இதில் ஒரு வசதிக் குறைவு உண்டு. பூச்சு காயும்வரை தரையில் நடக்கக் கூடாது என்பதால், வீட்டுக்காரர்கள் தாங்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் என்னை அழைப்பார்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். கல் பதிப்பவனுக்கு வீட்டார் தேநீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். நான் நூற்றுக்கணக்கான வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். அவற்றில் வாழ்பவர்களில் பெரும்பாலோரை எனக்கு அடையாளம் தெரியாது. சன்னல் வழியாகத் தெரியும் நாற்காலிகளைத் தெரியும். எந்த நாற்காலியில் அதிகமாக உட்காருகிறார்கள் என்பதும் தெரியும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பின்சுவர் ஒரு கிடங்கின் சுவரோடு ஒட்டியிருப்பதால் பின்கதவு இல்லை. முன்கதவைத் திறந்தால் முற்றம். நாற்பத்திரண்டு அடி நீளம், பதினெட்டு அடி அகலம். இருபுறமும் ஆளுயரச் சுவர். மறுமுனையில் வெளிவாயில்; அதை ஒட்டி என் கருவிகள் இருக்கும் கொட்டகை. ஓரங்களில் வெட்டிப் பதித்தவற்றையும் சேர்த்து மூவாயிரத்து நானூற்று இரண்டு கற்கள். வீட்டை விட்டு வெளியே போவதற்கு அந்தக் கற்களின் மேல் நடப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அந்த வீட்டில் நானும் தங்கையும் மட்டுமே. எனக்கு அறுபது, அவளுக்கு ஐம்பத்தொன்று. அம்மா படுக்கையில் இருந்த ஆண்டுகளில் அவளுக்கு வரன் பார்ப்பது தள்ளிப்போயிற்று. அம்மா போன பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் வீட்டிலேயே துணி தைத்தாள். அவளுடைய தையல் இயந்திரத்தின் சத்தம் சுவர் வழியாக என் அறைக்கு வரும். காலையில் அது ஓடத் தொடங்கினால் மணி எட்டு. நின்றால் சாப்பாட்டு நேரம். என் அறையில் கடிகாரம் கிடையாது. ஒருமுறை தோழி வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தாள். நான் ஒரே கோப்பையை மூன்று முறை கழுவியது நினைவிருக்கிறது.

இருபது வயதிலிருந்தே அவளுக்கு ஆஸ்துமா. சீலரில் இரண்டு வகை உண்டு. தண்ணீரில் கரைத்தது ஒன்று. தின்னரில் கரைத்தது மற்றொன்று. தின்னர் வகை அடித்தால் கல் நனைந்தது போல மின்னும். ஆனால் நாற்றம் நெஞ்சை அடைக்கும். எங்கள் முற்றத்தில் மட்டும் நான் தண்ணீர் வகையைத்தான் அடித்துவந்தேன். பிறர் வீட்டு முற்றங்கள் மின்ன, என் முற்றம் மங்கலாக இருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அடித்தால் போதும். வெளிவாயிலில் தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து, கதவருகே முடித்து, வீட்டுக்குள் கால் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வேன். பிறகு ஒரு முழு நாள் நாங்கள் இருவரும் வெளியே போக முடியாது. யாரும் உள்ளே வர முடியாது. அவள் இயந்திரத்தை மூடிவிடுவாள். சீட்டாடுவோம்.

"அண்ணா, ராணிய ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"நீதான் மடியில வெச்சிருக்க."

"தைக்கிறவ மடியில ஆயிரம் இருக்கும். அதையெல்லாம் கணக்குல சேர்க்கக் கூடாது."

அவள் ஏமாற்றித்தான் விளையாடுவாள். நான் கண்டுகொண்டதில்லை.

பூச்சுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கல்லின் மேல் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். துளி முத்தாக உருண்டு நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. கல் நீரைக் குடித்துக் கறுத்தால் மறுபடி அடிக்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளாக எங்கள் முற்றத்தில் துளி முத்தாகத்தான் நின்றது. ஆயினும் நான் அடித்தேன். மூன்றாண்டு இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று.

"போன வருஷம்தானே அடிச்ச?" என்றாள்.

"தேஞ்சிடுச்சு."

"நாம ரெண்டு பேர் நடந்தா தேஞ்சிடுச்சு? யான மாதிரியா நடக்கறோம்?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. சீட்டுக் கட்டை எடுத்துவந்தாள்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பதற்காக. மனைவியை இழந்தவர், உரக்கச் சிரிப்பவர். அதே கால்சட்டையோடு நான்கு முறை வந்தார். ஒரு மனிதரின் கால் அளவு அத்தனை முறை மாறாது என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த டிரைவர் என்னக் கட்டிக்கிறேன்னு சொல்றார்."

"நீ என்ன சொன்ன?"

"ஐம்பத்தோரு வயசுல இதெல்லாம் எதுக்குங்கன்னு கேட்டேன். அதுக்கு அவர், வண்டி கிளம்பின பிறகு ஓடி வர்றவங்களுக்குத்தான் நான் பிரேக் போடுவேன்னு சொல்றார்."

அவள்தான் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கே குடியிருப்பீர்கள் என்று கேட்டேன்.

"அவர் வீட்டுலதான். இங்கிருந்து ரெண்டு பஸ் மாறணும். ஞாயித்துக்கிழமைன்னா நாங்க வந்துடுவோம்."

அந்த 'நாங்க'வில் நான் இல்லை.

நான் எதிர்ப்புச் சொன்னதாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. பதிவு அலுவலகத்தில் நாள் குறித்தார்கள்; நான் உடன் போனேன். பதிவுக்குப் பிறகு வீட்டுக்கு நான்கு பேர் வருவார்கள். அதற்குள் முற்றத்தைச் சரிசெய்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு மகிழ்ச்சி. கழுவினேன், மணல் நிரப்பினேன்.

இப்போது நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கழுவிய தரையில் ஈரம் மிச்சம் இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு சதுரப் பிளாஸ்டிக் தாளைக் கல்லின் மேல் வைத்து, நான்கு விளிம்புகளையும் டேப் ஒட்டி விட்டுவிட வேண்டும். மறுநாள் தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால், கல்லுக்குள் ஈரம் இருக்கிறது. பூச்சு அடிக்கக் கூடாது. அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி, இரண்டொரு நாளில் முற்றம் முழுவதும் வெள்ளை படரும். பனி பூப்பது என்று நாங்கள் சொல்வோம். பிறகு எல்லாவற்றையும் கரைத்துச் சுரண்டி எடுத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தாளைத் தூக்கிப் பார்த்தேன். துளிகள் இருந்தன. அடித்தேன்.

முப்பத்தோராண்டுத் தொழிலில் நான் தெரிந்தே செய்த ஒரே பிழை வேலை அது. இதைச் சொல்லும்போது எனக்கு முகம் சுடுகிறது, ஐயா.

மூன்றாம் நாள் ஓட்டுநர் வெளிவாயிலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், தரைக்கு நரை விழுந்துடுச்சு?"

"பனி பூத்திருக்கு. சுரண்டி எடுக்கணும். பதினஞ்சு நாள் ஆகும்."

"பதினஞ்சு நாளா? தரையக் காய வைக்கிறீங்களா, என்னக் காய வைக்கிறீங்களா?"

"இன்னும் மச்சான் ஆகல."

"ஆகத்தானே இந்தப் பாடு படறேன்" என்று அவர் சிரித்தார். என் பின்னால் கதவருகே நின்றிருந்த தங்கையும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பதிவைத் தள்ளிவைத்தார்கள்.

பதினைந்து நாள் முப்பத்திரண்டு நாளாயிற்று. இடையில் மழை, அது என் குற்றமன்று. முப்பத்து மூன்றாம் நாள் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, வியாழக்கிழமை பதிவுன்னு சொல்லிட்டோம். தரை எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

"அங்கங்க வெள்ளையா இருக்கே."

"இருக்கட்டும். நான் என்ன தரையவா கட்டிக்கப் போறேன்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"சரி, புதன்கிழமை அடிச்சு முடி. நான் எங்கேயும் போகல. ரெண்டு பேரும் உள்ளேயே இருப்போம். கடைசியா ஒரு நாள் சீட்டாடலாம். வியாழக்கிழமை காஞ்ச பிறகு கிளம்பறேன்."

அவள் என்னைப் புரிந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை ஆண்டுகளாகப் புரிந்திருந்தாள் என்பது தெரியவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை காலையில் அவளுடைய இரண்டு பெட்டிகளையும் கொட்டகைக்குக் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் புதுப் பூச்சின் மேல் பெட்டியை இழுக்கக் கூடாது என்பதால் அது நாங்கள் பேசி வைத்திருந்த ஏற்பாடுதான். மூன்றாவதாகக் கதவருகே நாற்காலியில் இருந்த பச்சைக் கைப்பையையும் எடுத்துக்கொண்டேன். அது ஏற்பாட்டில் இல்லை. அவள் அப்போது சமையலறையில் இருந்தாள்.

இம்முறை தின்னர் வகை. வெள்ளை பூத்த தரைக்கு அதுவே சரியான மருந்து. தொழில் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் முகக்கவசம் அணிந்துகொண்டேன். கொட்டகையில் இன்னொரு முகக்கவசமும் இருந்தது. கதவின் படிக்கட்டிலிருந்து தொடங்கினேன்.

"இங்கேருந்தா ஆரம்பிக்கிற? அப்ப நீ வெளியவா நிக்கப் போற?"

"இந்த மருந்து நாத்தம் அதிகம். கடைசிவரைக்கும் கதவு திறந்திருந்தா உள்ள ஏறிடும். நீ கதவச் சாத்திக்க. சன்னலையும் சாத்திக்க."

"அப்ப நான் யார்கூட விளையாடறது? சுவரோடயா?"

"தரையில மட்டும் கால் வெச்சிடாத."

"வெச்சா நீ என்னக் கொன்னுடுவ" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். வேடிக்கையாகச் சொன்னதுதான்.

முதல் கேள்விக்கு விடை இதுதான், ஐயா. அவளிடம் சொன்ன காரணம் பொய்யன்று. ஆனால் அது போதாது. நான் எப்போதும்போல் கதவருகே முடித்திருந்தால் அவளோடு உள்ளே இருந்திருப்பேன். உள்ளே இருந்திருந்தால், அவளைக் காப்பாற்ற ஏதாவது செய்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். எனவே வெளியே நிற்பதுபோல் வேலையை அமைத்துக்கொண்டேன்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழாது, சுவர்களுக்கு நடுவே தேங்கி, தாழ்ந்த இடம் தேடிப் போகும். கதவுக்கு அடியில் அரை விரல் இடைவெளி உண்டு. நான் முற்றத்தின் நடுவை அடைந்தபோது கதவு திறந்தது. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்கு இடம் விட்டுப் பேசினாள்.

"அண்ணா. பை. பச்சப் பை."

"கொட்டகையில இருக்கு."

"எடுத்து. குடு."

"நடுவுல ஈரமா இருக்கே."

அவள் செருப்பைக் கழற்றினாள். வலது காலைத் தூக்கிப் படிக்கு வெளியே நீட்டினாள். தரையைத் தொடவில்லை.

"ஓரமா. வரவா?"

என்னிடம் அனுமதி கேட்டாள், ஐயா.

"கால் வைக்காத. தடம் விழுந்துடும்."

கால் சிறிது நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு உள்ளே இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன். கணக்கு ஒன்று புரியாதபோது எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தாள். நாற்றம் உள்ளே ஏறும் என்று நான் சொல்லியிருந்ததால், கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவளுக்கும் எனக்கும் நடுவே இருபது அடி. என் பின்னால் கொட்டகை வரை பூச்சு அடிக்காத காய்ந்த தரை. போய்ப் பையை எடுத்துவந்து அங்கிருந்தே எறிந்திருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். எறிந்திருக்கலாம். பை கனமானதன்று. குறி தவறிப் பூச்சில் விழுந்திருக்கலாம் என்று அவருக்குப் பதில் சொன்னேன். ஆனால் அதற்காக நான் எறியாமல் இருக்கவில்லை.

மீதி வரிசைகளை அடித்து முடித்தேன். ரோலரைக் கழுவி வைத்தேன். கொட்டகையில் முக்காலியைப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பைக்குள் அவளுடைய கைப்பேசி இரண்டு முறை அடித்தது; ஓட்டுநராக இருக்கும். நான் எடுக்கவில்லை. அடுத்தவர் பையைத் திறப்பது முறையன்று.

மெல்லிய காலுறையோடு நடக்கலாம் என்ற அளவுக்குக் காய நான்கு மணி நேரம் ஆகும் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தது. கூடுதலாக அரை மணி நேரம் விட்டேன். தடம் விழாமல் நடந்து உள்ளே போனேன். அவள் தையல் இயந்திரத்தின் அருகே தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்திருந்தாள். மேசைமேல் இரண்டு பேருக்குச் சீட்டுப் பிரித்து வைத்திருந்தாள். நான் என் பங்கை எடுத்துப் பார்க்கவில்லை. வெளியே சாமான் வாங்கப் போயிருந்தேன், திரும்பி வந்து பார்த்தேன் என்று மருத்துவரிடம் சொன்னேன். ஆஸ்துமா என்று எழுதினார். அது உண்மைதான்.

ஓட்டுநர் அழவில்லை. வாயிலருகே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பைய விட்டுட்டு மொட்டை மாடிக்குக்கூடப் போக மாட்டா மச்சான். அது எப்படிக் கொட்டகைக்கு வந்துச்சு?"

அப்போதும் மச்சான் என்றுதான் அழைத்தார். நான் விடை சொல்லவில்லை. அதனால் அவர் உங்களிடம் வந்தார்.

இரண்டாவது கேள்விக்கு விடை இது: பையை நான்தான் எடுத்தேன். உள்ளே இன்ஹேலர் இருப்பது எனக்குத் தெரியும். மாதந்தோறும் மருந்துக் கடைக்குப் போய் அதை வாங்கிவருபவன் நான்தான். அது இல்லாமல் அந்த நாற்றத்தில் அவளால் இருக்க முடியாது என்பதும் தெரியும். முற்றத்துக்குக் கல் பதித்த நாளிலிருந்து பதினெட்டு ஆண்டுகள் தண்ணீர் வகையையே அடித்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது. கொன்றாயா என்று நேராகக் கேட்டால், ஆம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்திடுகிறேன். முற்றம் நன்றாக வந்திருக்கிறது. எங்கும் பனி பூக்கவில்லை. வீட்டில் சத்தமே இல்லை. மணி எத்தனை என்று தெரிந்துகொள்ளத் தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்றை மட்டும் என் சொற்களிலேயே சேர்த்துவிடுங்கள். நான் கதவைப் பூட்டவில்லை. அவளைத் தொடவில்லை. குறுக்கே நிற்கவும் இல்லை. அவளுக்கும் பைக்கும், அவளுக்கும் அந்த மனிதருக்கும் நடுவே இருந்தது ஈரமான நாற்பத்திரண்டு அடித் தரை மட்டுமே. கால் வைக்காதே என்று நான் சொன்னேன், அவள் வைக்கவில்லை. போக வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தவள், அண்ணன் அடித்த தரையில் தடம் விழுமே என்றா நின்றுவிடுவாள், ஐயா?